தெரிவிக்கப்பட வேண்டியவர்

சிவமயம்

காஞ்சிபுரம்,
10-11-2024

தங்கை சங்கரிக்கு அண்ணன் திருஞானசம்பந்தம் ஆசி கூறி எழுதுவது. இங்கு நான், உன் அண்ணி மஹாலட்சுமி, குமரகுரு மாமா மூவரும் ஈசன் கிருபையால் நலம். மைசூரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

நம் குடும்பத்தில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. உடன்பிறந்தவள் என்ற முறையில் உனக்குத் தெரிவிப்பது என் கடமை. என் கைப்பேசியின் மணியோசை மாற்றப்படுகிறது. இதுவரை கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த ஓசையே இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், ஒரு பட்டு மாளிகையின் உரிமையாளன், எவனோ போட்டுக் கொடுத்த ஓசைக்கு எழுந்து ஓடுவது சரியல்ல என்று மூன்று வாரமாகவே தோன்றிக்கொண்டிருந்தது. போன ஞாயிறு பலகாரத்துக்குப் பிறகு கூடிப் பேசினோம். உன் அண்ணி ஒரு முருகன் பாட்டை முன்மொழிந்தாள். மாமா, "பழையபடி கிர்ருனு மணி அடிச்சா போதும்பா, எனக்கு அது ஒண்ணுதான் காதுல விழுவுது" என்றார். இரண்டையும் பரிசீலித்தேன். நம் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள். ஆகவே கெட்டிமேளம் என்று முடிவாயிற்று. தாலி கட்டும்போது வாசிக்கிற அதே கெட்டிமேளம். நேற்று செவிலிமேடு பஸ்ஸில் அது ஒலித்தபோது இரண்டு பேர் அட்சதைக்குக் கையை நீட்டினார்கள்.

நமக்குள் பேச்சு இல்லாத பன்னிரண்டு வருடம், அதாவது ஒரு மாமாங்கம், வருகிற பங்குனியில் நிறைவடைகிறது. இதுவரை என் சபதத்துக்குப் பங்கம் வரவில்லை. கடிதத்தில் குரல் இல்லை என்பதால் கடிதம் ஆகும் என்று விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டுத்தான் எழுதி வருகிறேன். வாட்ஸ்அப் மட்டும் வேண்டாம். கைதவறி உன் குரல் பதிவு ஒன்று வந்துவிட்டால் பன்னிரண்டு வருடம் பாழ்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

ஆசியுடன்,
தி. திருஞானசம்பந்தம்

*

மைசூர்,
26-11-2024

அன்புள்ள அண்ணாவுக்கு, சங்கரி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமாவுக்குக் காது மிஷின் வாங்கியாயிற்றா?

கெட்டிமேளம் நல்ல தேர்வு. நல்ல நேரத்தில் யாராவது தும்மினாலோ அழுதாலோ அது காதில் விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் அதை வாசிக்கிறார்கள் என்று சொல்வார்கள். கடைக்கு உகந்தது.

எனக்கும் ஒரு செய்தி இருக்கிறது. உங்களுடையது போல் அவ்வளவு பெரியது அல்ல. நான் விமானத்திலிருந்து குதிக்கப் போகிறேன். என்னோடு பள்ளியில் கன்னடம் சொல்லிக்கொடுக்கும் தேவிப்ரியா போன வருடம் குதித்தாள். ஊருக்கு வெளியே ஒரு திடலில் அதற்கென்று ஒரு கழகம் வைத்திருக்கிறார்கள். பத்தாயிரம் அடி உயரத்துக்குச் சின்ன விமானத்தில் கொண்டுபோவார்கள். பயிற்சியாளர் ஒருவர் பின்னால் இருப்பார். அவரையும் நம்மையும் நான்கு கொக்கிகளில் கோத்துவிடுவார்கள். பாராசூட் அவர் முதுகில். முதல் அரை நிமிடத்துக்கு மேல் அதைத் திறக்காமல் சும்மா விழ வேண்டும். அப்போது காற்றின் இரைச்சலில், முதுகோடு ஒட்டியிருக்கும் ஆளுக்குக்கூட நாம் கத்துவது கேட்காதாம்.

"என்ன கத்தினாய்?" என்று தேவிப்ரியாவைக் கேட்டேன். "எங்க மாமியாரைப் பத்தி ஒரு பத்து வருஷ பாக்கி இருந்தது" என்றாள்.

தேதி வைக்கவில்லை. உங்களுக்குத் தெரிவித்துவிட்டு வைக்கலாம் என்று இருக்கிறேன்.

அண்ணிக்கும் மாமாவுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் சங்கரி

*

சிவமயம்

காஞ்சிபுரம்,
15-12-2024

தங்கை சங்கரிக்கு ஆசி. இங்கு அனைவரும் நலம். உன் அண்ணியின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. வலி ஒரே நிலையில் நிற்பதும் நல்லதுதான் என்று டாக்டர் சொல்கிறார்.

உன் கடிதம் கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது. வாசித்தவன் நான், ஆகவே குரல் என்னுடையது. குமரகுரு மாமாவுக்கு இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. "கீழதானே இருக்குறா? கீழ வர்றதுக்கு இன்னாத்துக்கு மேல போவணும்?" என்றார். இது நியாயமான கேள்வி. பதிலை அடுத்த கடிதத்தில் எழுதவும்.

உன் அண்ணி வேறு கோணத்தில் பார்த்தாள். "எவனையோ கட்டிக்கினு குதிக்கணுமாமே. நாப்பத்தஞ்சு வயசுல கட்டிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா தரையிலயே கட்டிக்க வேண்டியதுதானே" என்றாள். அந்த ஆள் பின்னால் இருக்கிறான், இருவரும் ஒரே திசையைத்தான் பார்க்கிறார்கள், ஆகவே இது அந்த வகையில் சேராது என்று நான் விளக்கினேன். "நாங்களும் முப்பது வருஷமா ஒரே பக்கந்தான் பாத்துக்கினு இருக்கோம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கல்யாணம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உன் விஷயமாகப் பேச வேண்டும் என்று எனக்கு எப்போதும் எண்ணம் உண்டு. பேச்சு இல்லாததால் பேச முடியவில்லை. இது யார் குற்றம் என்று நீயே யோசிக்கலாம். 2013 பங்குனி உத்திரத்தன்று வேலூரிலிருந்து பெண் வீட்டார் பதினான்கு பேர் கடைக்கு வந்திருந்தார்கள். முகூர்த்தப் புடவையைப் பிரித்துக் காட்டி, கரை தனி, உடல் தனி, இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்த அசல் கோர்வை, இதற்கு ஒரு தறியில் இரண்டு ஆள் உட்கார வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். நீ புடவையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு நான்கு சொல் சொன்னாய். "அண்ணா, இது கோர்வை இல்லையே." அது உண்மையா பொய்யா என்பதல்ல விஷயம். உண்மையை வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். பதினான்கு பேரும் நம் மோரைக் குடித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். அன்றே ஏகாம்பரநாதர் கோயிலில் திருக்கல்யாணக் கூட்டத்தின் நடுவே கற்பூரத்தை அணைத்து, ஒரு மாமாங்கத்துக்கு இவள் குரல் என் காதில் விழாது என்று சத்தியம் செய்தேன்.

நீயும் ஒத்துழைத்தாய், மறுக்கவில்லை. அம்மா காலமானபோது நீ வந்து, வாய்க்குள் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதது இன்றும் ஊரில் பேசப்படுகிறது. அந்த அடக்கம் வானத்திலும் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஆசியுடன்,
தி. திருஞானசம்பந்தம்

*

மைசூர்,
6-1-2025

அன்புள்ள அண்ணாவுக்கு, சங்கரி வணக்கத்துடன் எழுதுவது. நலம். பொங்கல் நெருங்குகிறது. கடையில் கூட்டம் இருக்கும், சாப்பாட்டு வேளை தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழகத்தில் படிவம் கொடுத்தார்கள். மூன்று பக்கம். கை போனால் கழகம் பொறுப்பல்ல, கால் போனால் பொறுப்பல்ல, உயிர் போனால் பொறுப்பல்ல என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கையெழுத்துக் கேட்கிறார்கள். எல்லாவற்றிலும் போட்டுவிட்டேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. "அசம்பாவிதம் நேர்ந்தால் தெரிவிக்கப்பட வேண்டியவர்" என்று இருந்தது. பெயர், உறவு, தொலைபேசி எண்.

தேவிப்ரியா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என் பேரை எழுது, இதுக்கெல்லாமா யோசிப்பாங்க?" என்றாள். எழுதினேன். எழுதிய பிறகு மனசு ஒப்பவில்லை. இந்த ஊரில் நான் எழுதிய படிவங்கள் எல்லாவற்றிலும் அந்த இடத்தில் கோடு போட்டுத்தான் கொடுத்திருக்கிறேன். வீட்டு வாடகைக்கு, கேஸ் இணைப்புக்கு, போன வருடம் டைபாய்டில் படுத்தபோது ஆஸ்பத்திரியில். இந்தத் தடவை கோடு போட விருப்பமில்லை.

உங்கள் பெயரை எழுதலாமா, அண்ணா? பெயர் என்ற இடத்தில் சம்பந்தம். உறவு என்ற இடத்திலும் சம்பந்தம் என்று எழுதினால் தப்பில்லை. நான் கேட்பது அந்த ஒரு கட்டம்தான்.

பதில் வந்த பிறகே படிவத்தைக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் சங்கரி

*

சிவமயம்

காஞ்சிபுரம்,
2-2-2025

தங்கை சங்கரிக்கு ஆசி. அனைவரும் நலம். தாமதத்துக்குக் காரணம் யோசனை.

தெரிவிக்கப்படுவது என்பது யோசித்துப் பார்த்தால் ஒரு கௌரவம். ஊரில் எத்தனையோ பேருக்கு எதுவும் தெரிவிக்கப்படுவதில்லை. ஆகவே சம்மதிக்கிறேன். ஆனால் வெறும் சம்பந்தம் என்று எழுதக்கூடாது. தி. திருஞானசம்பந்தம், உரிமையாளர், சம்பந்தம் பட்டு மாளிகை, காஞ்சிபுரம் என்று முழுமையாக இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் பின்பக்கம் தொடரலாம்.

அந்தக் கன்னட டீச்சர் பெயரை அடித்துவிட வேண்டும். என் பெயர் இருக்கிற இடத்தில் இன்னொரு பெயர் இருக்கக்கூடாது. போன வருடம் ஒரு கும்பாபிஷேகப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே எதிர்க்கடைக்காரன் பெயரைப் போட்டுவிட்டார்கள். நான் பந்திக்குக் கூட உட்காரவில்லை. உனக்கு ஒன்று என்றால் அது முதலில் எனக்குத்தான் தெரிய வேண்டும். எனக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். ரத்த சம்பந்தம் என்று ஒன்று இருக்கிறது.

தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொள். ஆனால் சபதம் முடியும் வரை உன் எண்ணிலிருந்து வரும் அழைப்பு எடுக்கப்படாது. வேறு எண்ணிலிருந்து நீ பேசக்கூடும் என்பதால் அந்த ஊர் எண் எதுவும் எடுக்கப்படாது. ஆகவே அசம்பாவிதம் எதையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

மாமா உன்னை விசாரித்தார். "பொண்ணு குதிச்சிட்டாளா?" என்று தினமும் கேட்கிறார். இல்லை என்றால் ஏமாற்றமாக இருக்கிறது அவருக்கு.

ஆசியுடன்,
தி. திருஞானசம்பந்தம்,
உரிமையாளர், சம்பந்தம் பட்டு மாளிகை

*

மைசூர்,
15-2-2025

அன்புள்ள அண்ணாவுக்கு, சங்கரி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் கடிதம் கண்டு மிகவும் சந்தோஷம். நான்கு தடவை படித்தேன்.

நீங்கள் சொன்னபடியே எழுதினேன். கட்டத்தில் "உரிமையாளர்" வரைக்கும்தான் வந்தது. பட்டு மாளிகை பின்பக்கம் போயிற்று. தேவிப்ரியா பெயரை அவளையே அடிக்கச் சொன்னேன். அவள் அடித்துவிட்டு, "உங்க அண்ணன் பன்னெண்டு வருஷமா போனே எடுக்கலை, அவரைப் போய் எழுதுறே" என்றாள். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. சொன்னால் புரியாது. படிவத்தை வாங்கிய பையன் "ஒரே பெயர்தானா மேடம்?" என்று கேட்டான். ஒன்று போதும் என்றேன்.

நீங்கள் எழுதியபடி சபதம் முடிந்த பிறகுதான் குதிப்பேன். அதற்கு முன் ஒரு நாளும் இல்லை. குதித்துக் கீழே வந்ததும் முதல் வேலையாக உங்களுக்குப் போன் செய்வேன். நீங்கள் "ஹலோ" என்பீர்களா "யாரு" என்பீர்களா என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் குரல் எனக்கு மறக்கவில்லை. கொஞ்சம் கரகரப்பாகியிருக்கும்.

அண்ணியின் முழங்காலுக்கு முடக்கத்தான் கீரை நல்லது என்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் சங்கரி

*

சிவமயம்

காஞ்சிபுரம்,
8-3-2025

தங்கை சங்கரிக்கு ஆசி. நலம். முடக்கத்தான் தோசை செய்தார்கள். மாமா எட்டு சாப்பிட்டார். முழங்கால் வலி அவருக்கு இல்லை.

போன் செய்வதாக எழுதியிருந்தாய். நல்லது. பன்னிரண்டு வருடம் கழித்து என் காதில் விழப்போகிற முதல் சொல் எதுவாக இருக்க வேண்டும் என்பதை உன் விருப்பத்துக்கு விடுவது சரியாக இராது. முன்பு ஒரு முறை அப்படி விட்டதன் பலனை அறிவோம். ஆகவே நானே தயாரித்திருக்கிறேன். "அண்ணா, அது கோர்வைதான்." மூன்று சொல். நான்கு சொல்லால் கெட்டது மூன்று சொல்லால் சீராகிறது என்றால் உனக்கு ஒரு சொல் மிச்சம்.

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கடையின் நடுவே வைப்பதாக ஏற்பாடு. அன்று சம்பவத்தைப் பார்த்த கடைச் சிப்பந்திகள் இருவர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். எதிர்க்கடைக்காரனையும் மோர் குடிக்க அழைத்திருக்கிறேன். தெளிவாக, சற்று உரக்கச் சொல்லவும். மாமாவுக்கும் கேட்க வேண்டும்.

அந்தப் புடவை இன்னும் விற்கவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

இதைச் சொல்ல உனக்கு விருப்பமில்லை என்றால் போன் செய்ய வேண்டியதில்லை. அடுத்த மாமாங்கம் எனக்கு எழுபதில் முடியும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

ஆசியுடன்,
தி. திருஞானசம்பந்தம்

*

மைசூர்,
22-3-2025

அன்புள்ள அண்ணாவுக்கு, சங்கரி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அங்கு உற்சவ ஏற்பாடுகள் தொடங்கியிருக்கும். வெயிலில் அதிகம் அலையாதீர்கள்.

சொல்கிறேன், அண்ணா. மூன்று சொல்தானே. வகுப்பில் பிள்ளைகளிடம் இதைவிட அதிகமாகப் பொய் சொல்கிறேன். எதிர்காலத்தில் கணக்கு உதவும் என்கிறேன்.

வாயில் வர வேண்டும், அது ஒன்றுதான் சிரமம். இரண்டு நாளாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறேன். "அண்ணா" வரைக்கும் நன்றாக வருகிறது. மேலே போய் விழும்போது உரக்கச் சொல்லிப் பழகிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். யாருக்கும் கேட்காது, தப்பாக வந்தாலும் தெரியாது. கீழே இறங்கியதும் சூட்டோடு உங்களிடம் சொல்லிவிடுவேன்.

தேதி வைத்துவிட்டேன். 2013இல் அந்த உத்திரம் மார்ச் 26, செவ்வாய்க்கிழமை. வருகிற புதன், மார்ச் 26ஆம் தேதியோடு பன்னிரண்டு வருடம் முடிகிறது. சபதத்துக்கு ஒரு நாள்கூடக் குறை வரக்கூடாது என்று இன்னும் பதினோரு நாள் சேர்த்தே வைத்திருக்கிறேன். ஏப்ரல் 6, ஞாயிறு, காலை ஒன்பது மணி. பத்து மணிக்கு உங்கள் கெட்டிமேளம் ஒலிக்கும். எடுங்கள், அண்ணா.

அண்ணிக்கும் மாமாவுக்கும் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் சங்கரி

*

சிவமயம்

காஞ்சிபுரம்,
4-4-2025

தங்கை சங்கரிக்கு ஆசி. நலம். உற்சவ வேலைகளால் உடனே பதில் எழுத முடியவில்லை.

உன் கடிதத்தில் ஒரு பிழை இருக்கிறது. கணக்கு ஆசிரியையின் கடிதத்தில் இருப்பதால் சுட்டிக்காட்ட வருத்தமாகவும் இருக்கிறது, கொஞ்சம் திருப்தியாகவும் இருக்கிறது. மார்ச் 26 என்பது ஆங்கிலத் தேதி. என் சபதம் ஆங்கிலத்தில் எடுக்கப்படவில்லை. பங்குனி உத்திரத்தில் எடுத்த சபதம் பங்குனி உத்திரத்தில்தான் முடியும். இந்த வருடம் உத்திரம் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. காலண்டரைக் கிழித்துவிட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உன் அண்ணி, "ஆறுக்கும் பதினொண்ணுக்கும் இன்னாத்துக்குங்க, அஞ்சு நாளுதானே, எடுத்துப் பேசிடுங்களேன்" என்றாள். அஞ்சு நாள் சின்னது என்றால் பன்னிரண்டு வருடமும் சின்னதுதான். எங்காவது ஓரிடத்தில் நிற்க வேண்டும்.

ஆகவே 6ஆம் தேதி நீ போன் செய்தால் எடுக்கப்படாது. குதிப்பதைத் தள்ளி வைக்கவும். இந்தக் கடிதம் 6ஆம் தேதிக்குள் கிடைக்காவிட்டால் அதற்குத் தபால்காரர் பொறுப்பு.

ஆசியுடன்,
தி. திருஞானசம்பந்தம்

*

சிவமயம்

காஞ்சிபுரம்,
13-4-2025

தங்கை சங்கரிக்கு ஆசி. இங்கு நலம். நீ நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. ஆயினும் முறைக்குக் கேட்கிறேன்.

நீ என்னைச் சோதித்தாய். 6ஆம் தேதி காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணி வரை உன் எண்ணிலிருந்து பதினொரு முறையும், தெரியாத மைசூர் எண்களிலிருந்து ஆறு முறையும், ஆக மொத்தம் பதினேழு முறை அழைப்பு வந்தது. எழுத்துச் செய்தி ஒன்றும் வந்தது. அதற்குள் என்ன தந்திரம் இருக்கிறதோ என்று திறக்காமலே நீக்கிவிட்டேன். பதினேழாவது அழைப்பின்போது, உண்மையைச் சொல்கிறேன், கை ஒரு தடவை போனுக்குப் போயிற்று. ஏகாம்பரநாதர் காப்பாற்றினார். மடக்கிக்கொண்டேன்.

அன்று கடையில் ஐயம்பேட்டையிலிருந்து பெண் வீட்டார் வந்திருந்தார்கள். ஒரு முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள். முதல் புடவையைப் பிரித்ததும் கெட்டிமேளம். பெண்ணின் தாயார் கண்கலங்கி, "நம்ம கொயந்தைக்கு நல்ல வாக்கு கெடைச்சிட்டுதும்மா, இதையே கட்டுங்க" என்றார். அடுத்ததைப் பிரித்ததும் மறுபடி கெட்டிமேளம். ஒன்று எடுக்க வந்தவர்கள் ஐந்து எடுத்தார்கள். கண்ணாடி அலமாரியில் இருந்த அந்தப் புடவையும் போய்விட்டது. திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மாமா மட்டும், "இத்தினி தடவ அடிக்குதே, யாருக்கோ இன்னாவோ ஆயிட்டுதுபா, எடுத்துத்தான் கேளேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காதில் அது விழுந்ததே எனக்கு ஆச்சரியம்.

ஆனால் 11ஆம் தேதி என்ன செய்தாய்? சபதம் முடிந்தது. கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கடை நடுவே ஒரு முக்காலியில் வைத்தேன். எதிர்க்கடைக்காரன் வந்து மூன்று டம்ளர் மோர் குடித்தான். இரவு கடை சாத்தும் வரை போன் அடிக்கவில்லை. எடுக்கக்கூடாத நாளில் பதினேழு முறை, எடுக்க வேண்டிய நாளில் ஒரு முறைகூட இல்லை. எதிர்க்கடைக்காரன் போகும்போது, "தங்கச்சிக்கு நாபகம் இருக்காது சம்பந்தம், உடு" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் பன்னிரண்டு வருடம் காத்திருந்தேன்.

போனால் போகட்டும். நானே இறங்கி வருகிறேன். வைகாசி விசாகத்தன்று ஊருக்கு வா. ஏகாம்பரநாதர் கோயில் வெளிப் பிரகாரத்தை வருடத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முறை வெறுங்காலோடு நடந்து சுற்று. பன்னிரண்டாவது சுற்று முடிந்ததும் கொடிமரத்தடியில் நானே உன்னிடம் முதலில் பேசுகிறேன்.

ஆசியுடன்,
தி. திருஞானசம்பந்தம்

*

மைசூர்,
20-5-2025

அன்புள்ள அண்ணாவுக்கு, சங்கரி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமாவுக்குக் காது பரவாயில்லை என்று தெரிந்து சந்தோஷம். மிஷின் வேண்டியிருக்காது.

உங்கள் ஏப்ரல் 4, ஏப்ரல் 13 கடிதங்கள் இரண்டையும் போன வாரம்தான் தேவிப்ரியா ஒன்றாகக் கொண்டுவந்து கொடுத்தாள். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். பிழை என்னுடையதுதான். பஞ்சாங்கம் பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். குதித்தது நன்றாக இருந்தது. கதவோரத்தில் உட்கார்ந்தபோது பயமாக இருந்தது. வெளியே வந்ததும் பயம் இல்லை. உங்கள் மூன்று சொற்களைச் சொல்லிப் பழக வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நான்குதான் வந்தது. மறுபடி சொன்னேன். மறுபடியும் நான்கு. பாராசூட் திறக்கும் வரை அந்த நான்கையே கத்திக்கொண்டிருந்தேன். திறந்ததும் அப்படி ஓர் அமைதி. "கத்தினது தெரிஞ்சுது, என்னன்னு கேக்கலை" என்றார் பயிற்சியாளர் கன்னடத்தில். எங்கள் வீட்டு விஷயம் என்றேன்.

தரை நெருங்கும்போது இரண்டு காலையும் நீட்டித் தூக்கிக்கொள்ள வேண்டும். தூக்கு, தூக்கு என்று அவர் இரண்டு தடவை சொன்னார். திடலின் ஓரத்தில் தேவிப்ரியா என் போனில் உங்கள் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, அதைத் தலைக்கு மேல் ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது காலை மட்டும் தூக்கிவிட்டேன்.

விழுந்ததில் தலையும் மோதியதாம். மற்றது தேவிப்ரியா சொல்லித் தெரிந்தது. முழங்கால் விலகி, அதன் பின்னால் ஓடும் ரத்தக் குழாய் அறுந்திருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் பெங்களூருக்குக் கொண்டுபோனால் அறுந்த இரண்டு முனையையும் கோத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னாராம். மயக்கத்தில் கிடக்கிறவளை ஊர்விட்டு ஊர் அனுப்ப வேண்டும், ரத்த சம்பந்தம் உள்ளவர் ஒருவர் போனிலாவது சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்றார்களாம். நான் சொல்கிறேன் என்று தேவிப்ரியா முன்னால் போனாளாம். கழகத்திலிருந்து வந்த படிவத்தைக் காட்டி, அவள் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறதே என்றார்களாம். பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை. பதினேழு முறை. உங்கள் எண்ணிக்கை சரி.

ஐந்து புடவையும் நல்ல இடத்துக்குப் போனதில் மகிழ்ச்சி. மணப்பெண் நீடூழி வாழட்டும்.

அண்ணிக்கும் மாமாவுக்கும் என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சங்கரி

பி.கு.: வைகாசி விசாகத்தன்று கோயிலைப் பன்னிரண்டு முறை நடந்து சுற்றும்படி எழுதியிருந்தீர்கள். ஏப்ரல் 7, திங்கட்கிழமை காலை என் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.